வண்டியா, ஆயுதமா?

போன வாரம் நாம் மணிமொழியை விட்டுவந்தபோது அவள் வீட்டில் வார்னிஷ் வாடை அடித்துக்கொண்டிருந்தது. பொம்மை எஞ்சின் மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சருக்குப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசி, நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள். கட்டை விரல் அளவுதான் இருக்கும் அது. காலையில் காய்ந்துவிடும், பூட்டிவிடலாம், சாயங்காலம் மயிலாப்பூரில் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

ஆர்மேச்சர் காய்ந்துதான் இருந்தது. பூட்டத்தான் ஆள் இல்லை. காலங்காத்தாலே கம்பெனியிலிருந்து போன். தி.நகரில் ஒரு துணிக்கடையில், ஆயுத பூஜைக்கு வந்த முதலாளி கையில் திருஷ்டிப் பூசணிக்காயோடு லிப்டில் மாட்டிக்கொண்டாராம்.

மணிமொழி லிப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். அந்தக் குடும்பத்தில் காலேஜ் படிக்கட்டு ஏறிய முதல் ஆள். "ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டா? வெரி குட்" என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதற்கு முன்னால் இருந்தவர்களை எல்லாம் யார் படிக்கவிடாமல் வைத்திருந்தது என்று கேட்கத் தோன்றும். பல சமயம் கேட்டும்விடுவாள்.

போய்ப் பார்த்தால் லிப்டில் கோளாறு எதுவும் இல்லை. பட்டன் ஒவ்வொன்றுக்கும் யாரோ பக்தியோடு சந்தனத்தை அப்பியிருந்தார்கள். அது இடுக்கில் இறங்கி, பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டது.

"சாமி கும்பிடுங்க சார், வேணாங்கல. சுவிட்சைக் குளிப்பாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு அடையாறுக்கு வண்டியைத் திருப்பினாள். தன் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வீடு என்பது சந்துக்குள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே அறை. முன்பு ஆற்றோரத்தில் இருந்தார்கள்; அங்கே வீடுகளை இடித்து, எல்லோரையும் தூக்கி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் போட்டார்கள். மணிமொழிக்கு வேலை கிடைத்ததும் முதல் காரியமாக அப்பாவையும் அம்மாவையும் அடையாறுக்கே திருப்பிக் கொண்டுவந்தாள்.

அந்த அறையின் ஒரு மூலை கருப்பியின் மூலை.

கருப்பி ஒரு பொம்மை ரயில் எஞ்சின். எழுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்தது. நீளம் ஒரு சாண்கூட இல்லை; கையில் எடுத்தால் கனம் தெரியும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய குழாய்க் குவியலுக்கு அடியில் ஒரு சக்கரமும் புகைபோக்கியும் இல்லாமல் கிடந்தது. மூன்று வருஷமாக அதைத் தட்டித் தேய்த்து உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கறுப்பு பெயிண்ட் என்பதால் கருப்பி என்று பெயர் வைத்தது அம்மா சுப்பம்மா.

மயிலாப்பூரில் கணேசமூர்த்தி வீட்டு மாடியில் பொம்மை ரயில்காரர்களின் சங்கம் ஒன்று கூடுகிறது. மணிமொழியை அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய பழைய எஞ்சின்களில் பாதி அவள் கையால் ஓடுகின்றன. ஆனால் அவள் உறுப்பினர் இல்லை. அவர்களுக்கு அவள் 'ரிப்பேர் பொண்ணு'. அங்கே இரும்பு கடையும் லேத் இருக்கிறது, சக்கரம் கழற்றும் கருவி இருக்கிறது, எதையும் அவள் தொட முடியாது. இங்கே சிமெண்ட் தரையில் குந்தி, அரத்தால் சக்கரம் ராவிக்கொண்டிருக்கிறாள்.

சேருவதற்கு ஒரே விதிதான். நீயே சரிசெய்த எஞ்சின் ஏழு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, மேசையில் கட்டியிருக்கும் மலையை ஏறி இறங்கி, கை படாமல் ஒரு சுற்று வரவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்றைக்குத்தான் இந்தப் பரீட்சை. போன வருஷம் கருப்பி மலையடிவாரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இன்று சாயங்காலம் இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது என்பதும் விதி.

மொட்டைமாடி ஏறி வந்தவளுக்கு முதலில் வாசனைதான் தெரிந்தது. கதம்பம், சாம்பிராணி, சர்க்கரைப் பொங்கல். அப்புறம்தான் காட்சி கண்ணில் பட்டது.

சாமி படத்துக்கு முன்னால் அவளுடைய ஸ்க்ரூ டிரைவர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அரங்கள், கட்டிங் பிளேயர், சால்டரிங் அயர்ன், எல்லாம் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று, ஆளுக்கு ஒரு குங்குமப் பொட்டோடு. நடுவில் மணைப்பலகை. அதன்மேல் கருப்பி, சக்கரத்துக்குச் சக்கரம் சந்தனம். பக்கத்தில் ஒரு வெற்றிலையில், திறந்துகிடந்த மோட்டாரின் காந்தம். அதற்கும் பொட்டு.

"வா வா" என்றாள் சுப்பம்மா. குளித்துத் தலை முடிந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தியா? உன்னுதத்தான் நடுவுல வெச்சிக்கிறேன். உங்க நைனா ஆட்டோ சாவிகூட ஓரமாத்தான் கீது."

மணிமொழி காந்தத்தையே பார்த்தாள். "எம்மா. இதும்மேல ஒரு இரும்புத் துண்டு இருந்துச்சே. எங்க?"

"அதுவா? துரு புட்ச்சிப் போய் ஒட்டிக்கினு கெடந்துது. சாமி முன்னாடி துருவ வெப்பாங்களா? புடுங்கி மாடத்துல போட்டேன். யப்பா, இன்னா புடி புடிச்சிக்கினு இருந்துது!"

மணிமொழி கட்டிங் பிளேயரை எடுத்துக் காந்தத்தின் அடியில் வைத்தாள். நேற்று அந்தக் காந்தம் இதே பிளேயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. இன்று பிளேயர் ஒரு கணம் ஒட்டியது போல் போக்குக் காட்டிவிட்டுத் 'தொப்'பென்று பொங்கல் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"அது துரு இல்லம்மா" என்றாள். "அது வாட்ச்மேன்."

"இன்னாது?"

"ஆர்மேச்சரைக் கழட்டுனா, காந்தத்து மேல குறுக்க இரும்பு வெக்கணும். இல்லாட்டி இந்தக் காலத்துக் காந்தம் மாதிரி இல்ல இது, பழசு, சக்தியெல்லாம் போயிடும். அதுக்குத்தான் அந்தத் துண்டை வாட்ச்மேன் மாதிரி உக்கார வெச்சிருந்தேன். போச்சு. மலை ஏறாது. சமதரையிலயே ஏழு பெட்டி இழுக்காது."

"ஒரு இரும்புத் துண்டை எட்த்ததுக்கா?"

"உன்ன யாரும்மா தொடச் சொன்னது?" வெடித்துவிட்டது. "எது கெடச்சாலும் தேய்ப்பியா? ஊரு பாத்திரத்த எல்லாம் தேய்ச்ச கை, சும்மா இருக்க முடியாதா அதுக்கு?"

சொன்ன மறு நொடியே மணிமொழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட வழியில்லை. அந்தக் கை பாத்திரம் தேய்த்துத்தான் மகளின் காலேஜ் பரீட்சைக்குப் பணம் கட்டியது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

சுப்பம்மா குனிந்தாள். கீழே விழுந்த பிளேயரை எடுத்துத் துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வடிவேலு மேலே வந்தார். கீழே ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டி முடித்த கை. மகளையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார்.

"இன்னா, வீடு கப்சிப்புனு கீது? கரண்டு புடுங்கிக்கிச்சா?"

மணிமொழி சொன்னாள். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இத்த மறுபடி ஏத்த முடியாதா? நம்ம பழைய மொபெட்டுக்கு ராயப்பேட்டைல மேக்னட் சார்ஜ் போட்டு வாங்கினேனே, மெஹபூப் பாய் கடைல. வண்டி அப்பறம் குதிரை கணக்கா இழுத்துதே!"

மணிமொழி நிமிர்ந்தாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை. கோபம் வந்தால் படித்தது, பார்த்தது எல்லாம் மறந்துபோகிற ஜாதி அவள்.

கருப்பியைத் தூக்கக் கை நீட்டினாள்.

"தொடாத" என்றாள் சுப்பம்மா. நிதானமாகத்தான் சொன்னாள். "பூஜை போட்டது போட்டதுதான். ஆயுதத்த இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமி, எட்த்துக்க."

"நாளைக்கு எடுத்து என்ன பண்றது? தலைக்கு வெச்சுப் படுக்கவா?"

"தப்பு பண்ணது நானு. ஒத்துக்கறேன். அதுக்காக சாமி கிட்ட வெச்சத பாதில எட்த்து, அதும் வம்பா ஆவ வேணாம்."

இரண்டு பேரும் ஒரே அச்சு. ஒருத்தி வாய்விட்டுப் பிடிவாதம் பிடிப்பாள், இன்னொருத்தி வாயை மூடிக்கொண்டு. நடுவில் வடிவேலு சப்பணம் போட்டு உட்கார்ந்து, கருப்பியைக் குனிந்து பார்த்தார்.

"சுப்பு, எனக்கு ஒரு டவுட்டு. இது வண்டியா, ஆயுதமா?"

"இன்னாய்யா கேள்வி?"

"கேக்கறேன்ல? இப்ப என் ஆட்டோ. அதுக்கும்தான் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி இறக்கினோம்னா சவாரி போலாம். வண்டிக்கு லீவு கெடயாது. ஸ்பேனருக்குத்தான் லீவு. இதுல சக்கரம் கீதா?"

சுப்பம்மா கருப்பியின் சக்கரத்தைப் பார்த்தாள்.

"சக்கரம் கீது. தண்டவாளத்துல ஓடும். பெட்டி இழுக்கும். அப்ப இது வண்டி. ஆயுதம் இல்ல."

சுப்பம்மா அதை நன்றாக யோசித்தாள். சாமி விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் நியாயம் என்றால் ஒத்துக்கொள்வாள். எழுந்து கற்பூரம் காட்டினாள். பிறகு கூடையைத் துழாவி, இருந்ததிலேயே சின்னதாக ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பழம் வெக்காம வண்டி எடுக்கக் கூடாது. நான் போட்ட பூஜை. நானும் வரேன்."

இதைப் புருஷனிடம்தான் சொன்னாள். மகளிடம் இல்லை.

ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக்கூட எடுக்க விடவில்லை. அது ஆயுதமாம். "கடைல கேட்டு வாங்கிக்க" என்றாள். அதையும் வடிவேலுவிடம்தான்.

ராயப்பேட்டை முழுக்கப் பூசணிக்காய் உடைந்துகிடந்தது. குங்குமம் கலந்த சதை ரோடெல்லாம் சிதறி, பைக் ஓட்டிகள் நெளிந்து நெளிந்து போனார்கள். வடிவேலுவின் வாழைக்கன்று வளைவுக்கு வளைவு எதிரில் வருகிறவன் முகத்தில் அடித்தது. பின்சீட்டில் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ஓரம். நடுவில் துண்டில் சுற்றிய கருப்பி, கூடவே காந்தமும் ஆர்மேச்சரும்.

மன்னிப்புக் கேட்க மணிமொழி வாயைத் திறந்தாள். "எம்மா..." என்பதற்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு மூடிக்கொண்டாள்.

மெஹபூப் அலி கடையில் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் வேலை செய்கிற அறிவு, காதில் பூ செருகிக்கொண்டு, நாற்பது வயதுக்குரிய தொப்பையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே சார்ஜ் மிஷின்: இரண்டு பெரிய கம்பிச்சுருள், நடுவில் இரும்புத் தாடை. அதற்கும் மாலை. அதற்கும் பொட்டு.

மெஹபூப் அலி விஷயத்தைக் கேட்டார். காந்தத்தை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். "போட்டுடலாம் பேட்டா. அஞ்சு நிமிசம் வேலை. நாளைக்கு வா."

"இன்னிக்கு சாயங்காலம் வேணும் பாய்."

"இன்னிக்கு மிஷின் பூஜைல இருக்கே."

மணிமொழிக்குச் சுர்ரென்று ஏறியது. "பாய், நீங்களுமா? உங்களுக்கு ஏது ஆயுத பூஜை?"

"எனக்கு இல்ல. அவனுக்கு இருக்கு" என்று அறிவைக் காட்டினார். "வெள்ளிக்கிழமை நான் நமாஸுக்குப் போறேன். எவ்ளோ அவசர வேலை வந்தாலும் 'பாய் வரட்டும்'னு சொல்லி அனுப்புவான். எனக்கு ஒரு போன் பண்ண மாட்டான். அவன் பூஜை போட்டு வெச்ச மிஷின்ல நான் சுவிட்ச் போட்டா நல்லா இருக்குமா? அவன் சொன்னா போடறேன்."

அறிவு தலையை ஆட்டினான். "தப்பா நெனைக்காத மேடம். வருஷம் பூரா ஓடுது. ஒரு நாளு அதுக்கு ரெஸ்ட் குடுக்கணும். எங்கப்பா காலத்துலேர்ந்து பழக்கம்."

"ராயப்பேட்டை ஆஸ்பத்திரில எக்ஸ்ரே மிஷினுக்குக்கூடப் பொட்டு வெச்சிருப்பாங்க. இன்னிக்குக் கால் ஒடிஞ்சவனை நாளைக்கு வான்னா சொல்றாங்க?"

"இது ஆஸ்பத்திரியா மேடம்? பொம்மை ரயிலுக்குப் போயி..."

அவ்வளவுதான். 'பொம்மை' என்ற சொல்லுக்கு அவள் பதில் சொல்லத் தொடங்கினால் அந்தக் கடை தாங்காது. அதற்குள் ஆட்டோவிலிருந்து ஒரு குரல்.

"யப்பா, உன் பேரு இன்னா?"

சுப்பம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"அறிவு, யக்கா."

"காலைல உன் ஊட்ல பொங்கல் வெச்சாங்களா?"

"வெச்சாங்க."

"அடுப்புக்குப் பொட்டு வெச்சிருப்பாங்களே?"

"ஆமா, வெச்சாங்க."

"அருவாமனைக்கு?"

"அதுக்கும்தான்."

"மத்தியானம் சாப்பிட இன்னா கறி?"

அறிவு யோசித்தான். "கத்திரிக்கா, மொச்சை."

"கத்திரிக்காய எதால அரிஞ்சா உன் பொண்டாட்டி? பல்லாலயா?"

மெஹபூப் அலி பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நானும் காலைல அடுப்புக்குப் பொட்டு வெச்சேன், அருவாமனைக்கு வெச்சேன், தொடப்பத்துக்கு வெச்சேன். வெச்ச கையோட அதே அடுப்புல ஒலை வெச்சேன். பூ உதுந்துதுன்னு அதே தொடப்பத்தால பெருக்கினேன். இத்தினி வருஷமா எந்தச் சாமியும் வந்து ஏன்னு கேக்கல. நான் வேலை செஞ்ச ஊட்லல்லாம் ஆம்பளைங்க பேனாவுக்கு லீவு, பொஸ்தகத்துக்கு லீவு, காருக்கு மாலை. எனக்கு மட்டும் அன்னிக்குத்தான் ரெண்டு மடங்கு பாத்திரம். பொம்பள கை வெக்கிற ஆயுதத்துக்கு லீவே கெடயாதுன்னா, உன் மிஷினுக்கு மட்டும் இன்னாத்துக்கு லீவு? இதோ நிக்கிறா பாரு, இவ வேலை. இவளும் பொம்பளதான்."

மணிமொழி அம்மாவைப் பார்த்தாள். இதைத்தான் காலேஜில் எத்தனையோ கூட்டத்தில் மைக் பிடித்துப் பேச நினைத்திருக்கிறாள். ஒரு நாளும் கத்திரிக்காயை வைத்துப் பேசத் தோன்றியதில்லை.

அறிவு காதிலிருந்த பூவை எடுத்து உற்றுப் பார்த்தான். பிறகு எழுந்து மிஷினுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாலையை மட்டும் ஒதுக்கினான்.

"பாய், போடுங்க. யக்கா கேக்கறது நியாயந்தான். ஊட்ல போயி என் பொண்டாட்டி கிட்ட மட்டும் இத்த சொல்லிடாதீங்க."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மணிமொழி பெட்ரோல் நனைத்த துணியால் சக்கரத்துச் சந்தனத்தைச் சுத்தமாக எடுத்தாள். ஆர்மேச்சரைப் பூட்டினாள். "மோட்டாரோடயே சார்ஜ் போடுங்க பாய். தனியா போட்டுப் பூட்டறதுக்குள்ள மறுபடி போயிடும்" என்றாள். மெஹபூப் அலி தாடைக்கு நடுவில் அதை வைத்து சுவிட்சைத் தட்டினார். 'ணங்' என்று ஒரு சத்தம். கடையின் டியூப்லைட் ஒரு தரம் கண் சிமிட்டியது. அவ்வளவுதான்.

கடைப் பிளேயர் ஒன்றைப் பக்கத்தில் காட்டினார். மோட்டார் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

"கொஞ்சம் கூடவே ஏறிடுச்சு. பரவால்லையா?"

பரவாயில்லையா? மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் தடவை.

புகைபோக்கியில் ஒரு பொட்டு மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் துடைக்கப் போனவள், அம்மா பார்ப்பதைப் பார்த்து, விட்டுவிட்டாள்.

மயிலாப்பூரில் கணேசமூர்த்தி வீட்டுத் தெருவில் ஆட்டோ நுழைந்ததுமே சுப்பம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இந்தத் தெருவில், நாலு வீடு தள்ளி, ஒரு வீட்டில் பத்து வருஷம் வேலை பார்த்தவள் அவள். ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டாள். ஏன் என்று வடிவேலுவுக்கும் சொன்னதில்லை, மகளுக்கும் சொன்னதில்லை. இதை நாம் முன்பே பார்த்தோம்.

இறங்கியவள் நேராக வீட்டுப் பக்கவாட்டுச் சந்தை நோக்கி நடந்தாள். கொல்லைப்புறக் கதவுக்குப் போகிற வழி. கால் பழக்கம்.

மணிமொழி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். கத்தத்தான் வந்தது. தெருவையே கூட்டி, உங்கள் வீடுகளுக்கெல்லாம் எத்தனை வாசல் என்று கேட்க வந்தது. ஆனால் பிடித்த கை சொரசொரவென்று இருந்தது. காலையில் அவள் சொன்ன சொல் அந்தக் கையில்தான் போய் விழுந்திருக்கும்.

"இந்தப் பக்கம்மா" என்றாள். "வாசல் இங்க இருக்கு."

மாடி ஹால் முழுக்க ரயில். கூடம் நீளத்துக்கு மேசை, அதில் வளைந்து நெளிந்து தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், ஒரு கோடியில் பேப்பர் கூழால் செய்து பச்சை அடித்த மலை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி, வெள்ளை வேட்டியில், "வா பிள்ள, உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். யாரு, அம்மாவா? வாங்க, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார்.

சுப்பம்மா உட்காரவில்லை. சுவரோரமாக நின்றாள்.

துண்டைப் பிரித்ததும் சங்கத்து உறுப்பினன் ஸ்ரீகிருஷ்ணா குனிந்து பார்த்தான். மணிமொழி வயதுதான். அவன் எஞ்சின்கள் எல்லாம் புதுசு, அட்டைப்பெட்டியோடு வாங்கியவை. "என்னங்க இது, பொட்டெல்லாம் இட்டுண்டு வந்திருக்கு? எங்காத்துக் கொலுவுல வெச்சிருக்கலாம் போலருக்கே!"

"வெக்கலாம். உங்க கொலு மலை ஏறுமா?" என்றாள் மணிமொழி.

யாரோ சிரித்தார்கள். ஏழு பெட்டிகளைக் கோத்தார்கள். கருப்பியை முன்னால் மாட்டினாள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலரில் கை வைக்கும்போது சுப்பம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"வண்டி எடுக்கறதுக்கு முன்ன..." என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

எல்லோரும் பழத்தைப் பார்த்தார்கள். பழம் கருப்பியைவிட உயரமாக இருந்தது.

"ஆன்ட்டி, அத வெச்சா டீரெயில் ஆயிடும்" என்று ஸ்ரீகிருஷ்ணா சொல்லத் தொடங்க, மணிமொழி பழத்தை வாங்கினாள். நகத்தால் கிள்ளி, ஒரே ஒரு விதையை எடுத்தாள். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவில், சக்கரம் படாத இடத்தில் வைத்தாள்.

"தாண்டிப் போனா போதுமாம்மா?"

சுப்பம்மா யோசித்தாள். "போதும். நசுக்கணும்னு யாரு சொன்னது?"

"காலையில என் காருக்கும் வெச்சேன்" என்றார் கணேசமூர்த்தி. "முறைன்னா முறைதான். எடு பிள்ள."

மணிமொழி குமிழைத் திருப்பினாள்.

கருப்பி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். உள்ளே 'உர்ர்' என்று ஒரு முனகல். பிறகு ஏழு பெட்டிகளும் 'டக் டக் டக்' என்று ஒன்றையொன்று இழுத்துக்கொள்ள, கருப்பி விதையைத் தாண்டிக் கிளம்பியது. மெதுவாக. ரொம்ப மெதுவாக.

"இந்த வேகத்துல போனா நாளைக்கு விஜயதசமிக்குத்தான் வந்து சேரும்" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

மணிமொழி காதில் வாங்கவில்லை. காந்தம் பலமானால் மோட்டார் நிதானமாகத்தான் சுற்றும். நிதானமாகச் சுற்றுவதுதான் இழுக்கும். போன வருஷம் பயத்தில் வேகம் கூட்டிக் கூட்டித்தான் தோற்றாள். ஸ்டேஷன் தாண்டியது. பாலம் தாண்டியது. மலையடிவாரம்.

ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் சக்கரம் ஒரு தரம் வழுக்கியது. ஒரே இடத்தில் சுற்றியது. நாலைந்து பேர் "ஐயோ" என்றார்கள். சுவரோரம் நின்ற வடிவேலு, தானே ஆட்டோ ஓட்டுவது போல் கையை முறுக்கினார். "ஏத்தும்மா, ஏத்து!"

அவள் கை குமிழைக் குறைத்தது. கூட்டவில்லை, குறைத்தது. சக்கரம் சுற்றுவது நின்றது. மூச்சு விடும் நேரம். பிறகு ஒரு நூல் அளவு திருப்பினாள்.

கருப்பி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பல்லாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறியது; பொட்டு வைத்த புகைபோக்கி முதலில் உச்சியில் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஏழு பெட்டிகளும். இறக்கத்தில் அவள் மூச்சே விடவில்லை. வளைவு திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு வந்து, விதைக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது.

முதலில் கை தட்டியது ஸ்ரீகிருஷ்ணாதான். அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

கணேசமூர்த்தி சுவரிலிருந்த பலகையைக் கழற்றினார். உறுப்பினர் பெயர்களை வரிசையாகப் பெயிண்டில் எழுதியிருக்கும் பலகை. "நாளைக்கு ஆள் வரவெச்சி உன் பேரையும் எழுதிருவோம். லேத்து சாவி அந்த ஆணில தொங்குது, எப்ப வேணும்னாலும் எடுத்துக்க" என்றார்.

மணிமொழி அம்மாவிடம் போனாள். "எம்மா, காலைல நான் அந்த வார்த்த..."

"எந்த வார்த்த?" என்றாள் சுப்பம்மா. கண் ரயில்மேலேயே இருந்தது. "வாட்ச்மேன பத்தரமா மாடத்துலதான் வெச்சிக்கிறேன். போய் எட்த்துக்கலாம்."

அந்தச் சமயம் கணேசமூர்த்தியின் மனைவி ஸ்வர்ணலதா சுண்டல் தட்டோடு மேலே வந்தார். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே சுவரோரம் வந்தவர், சுப்பம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தட்டு சாய்ந்தது.

"நீங்க... சுப்பம்மாதானே? நாலு வீடு தள்ளி, அந்த வீட்டுல வேலைக்கு இருந்தீங்களே?"

சுப்பம்மா முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உங்கள எங்கெல்லாம் தேடுனேன் தெரியுமா? ஆத்தோரம் போயி கேட்டா வீடெல்லாம் இடிச்சாச்சுன்னாங்க. உங்க பொருள் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அத உங்க கையில குடுக்கணும்னு இத்தன வருசமா வெச்சிருக்கேன். இருங்க, போயிராதீங்க. கீழதான் இருக்கு, எடுத்துட்டு வாரேன்."

குரலில் கோபம் இல்லை. கிடைக்காது என்று நினைத்தது கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. ஆனால் சுப்பம்மாவின் விரல்கள் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"எம்மா, என்ன பொருள்? இவங்கள உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியாது."

பத்து வருஷம் நடந்த தெருவில் ஒரு முகம் தெரியாமல் போகுமா? அம்மா பொய் சொல்வது மணிமொழிக்குத் தெரிந்தது. கேட்கத்தான் வந்தது. வழக்கமாக இருந்தால் கேட்டிருப்பாள், அதுவும் சத்தமாக. இன்று ஒருமுறை கத்தியதே போதும் என்று தோன்றியது. பிடித்த கையோடு அம்மாவை மேசைப் பக்கம் கூட்டி வந்தாள்.

"மொழி" என்றாள் சுப்பம்மா மெல்ல. "கருப்பிய இன்னொரு ரவுண்டு வுடு. அவங்க வர வரைக்கும்."

மணிமொழி குமிழைத் திருப்பினாள். ஏழு பெட்டிகளும் 'டக் டக்' என்று கிளம்பின. ஹாலில் எல்லோர் கண்ணும் ரயிலோடு நகர்ந்தது.

சுப்பம்மா மட்டும் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கையை இன்னும் விடவில்லை.